‘இது யாருக்குமே தோணாதா?’: உறிஞ்சும் பொருளுக்குக் காப்புரிமை எப்போது கிடைக்கும்?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரோரம் மண் இறுகும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு எடுத்தால் பச்சைப் பொம்மை ரெடி.

இன்னும் வேகமாக உறிஞ்சும் அச்சை ஒருவர் செய்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். காப்புரிமை கிடைக்குமா?

புதுசா இருந்தா மட்டும் போதாது

1970 காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு சொல்வது இதுதான்: தெரிந்த விஷயத்தைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். கூடவே, அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு அது ‘எளிதில் தோன்றக்கூடியதாக’ இருக்கக் கூடாது.

பிளாஸ்டரில் தண்ணீரைக் கூட்டினால் நுண்துளைகள் பெருகும், அச்சு அதிகம் உறிஞ்சும், ஆனால் பலம் குறையும். இது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய சங்கதி. ‘தண்ணீரைக் கூட்டினேன்’ என்று விண்ணப்பித்தால் தேறாது. பலமும் குறையாமல், உறிஞ்சுதலும் கூடும்படி யாரும் யோசிக்காத வழி கண்டால்? அங்கேதான் வாய்ப்பு.

உச்ச நீதிமன்றம் சொன்னது

பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் கருவிக்கு வாங்கிய காப்புரிமை, 1978-ல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் ரத்தானது. பட்டறையில் வழக்கமாகச் செய்யும் மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்றது உச்ச நீதிமன்றம்.

நாப்கின் கதை

கோவை அருணாச்சலம் முருகானந்தத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய கம்பெனிகள் நாப்கினில் மரக்கூழ் செல்லுலோஸ் வைப்பதை அவர் தேடித்தான் தெரிந்துகொண்டார். செல்லுலோஸ் உறிஞ்சும் என்பது ஏற்கெனவே தெரிந்தது. அதற்கு மட்டும் உரிமை கேட்க முடியாது. அரைப்பது, அழுத்துவது, ஒட்டுவது, கிருமி நீக்குவது என எல்லாவற்றையும் சுய உதவிக் குழுப் பெண்களே இயக்கும் எளிய, மலிவான இயந்திரமாக்கியதுதான் அவரது பங்களிப்பு. அவர் காப்புரிமை பெற்றதும் இயந்திரத்துக்கே.

பின்னாடி பார்த்தா எல்லாமே ஈஸி

விடை தெரிந்தபின் ‘இதுல என்ன இருக்கு?’ என்று கேட்பது சுலபம். அதனால்தான் விண்ணப்பத் தேதிக்கு முன் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

ஆக, புது அச்சைக் கடையில் வைப்பதற்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள். முதலில் விற்றால் ‘புதுமை’யே போய்விடலாம். பட்டறைகள் காலங்காலமாகச் செய்வதற்கு வேறு யாராவது உரிமை கேட்டால்? விண்ணப்பம் வெளியானதும், காப்புரிமை வழங்கப்படும் முன், யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். 25(1) பிரிவு அதற்குத்தான்.