கரை பெயர்த்தலும் சதுப்பு மீட்டலும்

அலையை ஆற்றுவதால் அலையாத்தி எனப் பெயர் வந்தது என்பர். மலாய் மொழியில் 'பாக்காவ்' எனப்படும் இம்மரங்கள் சேற்றில் வேரூன்றி அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் புகலிடம் தருகின்றன.

புக்கிட் மெர்தாஜாம் பகுதியிலிருந்து மேற்கே ஓடும் ஜூரு ஆற்றின் முகத்துவாரத்திலும், அதற்குத் தெற்கேயுள்ள கரையோரத்திலும் இத்தகைய சதுப்பு நிலம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தென் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தபோது, தாழ்நிலத்துக்கு மண்கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, நீரை வடித்தனர். அவ்வுழைப்பில் தமிழர் பங்கு பெரிது.

கரை நிலத்தைக் காத்தது உண்மையே. ஆயினும், நீர் வடிந்த சதுப்பு மண் நாளடைவில் தாழ்கிறது. சிலவிடங்களில் அமிலம் மிகுந்து பயிரைக் கெடுக்கிறது. கடல்மட்டம் உயரும்போது, முன்னே கடலும் பின்னே கரையும் நெருக்க, அலையாத்தி ஒதுங்க இடமின்றி அழிகிறது. பிறகு அலை நேரே கரையை மோதுகிறது. ஆதலின், உள்ளே தள்ளிப் புதுக்கரை கட்டி, பழங்கரையைத் திறந்து, இடைநிலத்தை நீருக்கு விடும் முறை தோன்றிற்று.

ஆற்று வெள்ளத்துக்கும் இம்முறை உதவும். நெதர்லாந்தில் 1995இல் வெள்ள அச்சத்தால் ஏறத்தாழ 2,50,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அந்நாடு 'ஆற்றுக்கு இடம்' என்னும் திட்டத்தை 30க்கு மேற்பட்ட இடங்களில் நிறைவேற்றியது. நைமேகன் நகரருகே வால் ஆற்றின் கரை 350 மீட்டர் பின்னே பெயர்க்கப்பட்டது. ஏறத்தாழ 50 வீடுகள் அகற்றப்பட்டன. திட்டம் முழுமைக்கும் செலவு 200 கோடி யூரோவுக்கு மேல்.

மலேசியாவில் இதற்கு எவர் இசைவு வேண்டும்? அரசியலமைப்பின் 9ஆம் அட்டவணைப்படி நிலமும் ஆறும் மாநிலத்துக்குரியவை. வடிகாலும் நீர்ப்பாசனமும் இரு அரசுகளுக்கும் பொது. பெருநிதியோ கூட்டரசின் கையில். தனியார் நிலத்தை எடுத்தால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி ஈட்டுத்தொகை தரவேண்டும். பணியின் தன்மைக்கேற்ப 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் விளைவு மதிப்பீடும் தேவைப்படலாம்.

சிக்கலின் வேர் வருவாயில் உள்ளது. தொழிற்சாலைக்கு நிலம் அளித்தால் மாநிலத்துக்கு நிலவரி வரும். நீருக்கு விட்ட நிலம் வரி தராது. 2019 முதல் காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி அளிப்பது இக்குறையை ஓரளவு தீர்க்கும் வழி.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், 2005 முதல் நாட்டின் கரையோரங்களில் அலையாத்தி நடும் பணி தொடங்கிற்று. அது நற்பணியே. ஆனால் நட்ட மரம் நிலைக்கப் பின்னே நிலம் வேண்டும். அந்நிலத்தை இழப்போரின் ஈடு முதலில் உறுதியானாலன்றிக் கரை நகராது.