கேஸ்கெட் மாத்தியும் கார் சூடாகுதா? ‘ஹெட் ஃபேசிங்’ ஏன் முக்கியம்?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி நெரிசல். கார் நகரவில்லை, டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறுகிறது. அப்படியே ஓட்டினால் அடுத்து மெக்கானிக் சொல்வது: “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு.”

புது கேஸ்கெட் போட்டால் போதுமா? பல நேரம் போதாது.

ஏன்?
சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைவிட சுமார் 2 மடங்கு விரிவடையும். அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்துவிடும். வளைந்த பரப்பில் புது கேஸ்கெட்டும் ஒட்டி உட்காராது. கூலன்ட் மறுபடி கசியும்.

எப்படித் தெரியும்?
ஹெட்டைக் கழற்றி, அடிப்பரப்பில் நேரான ஸ்டீல் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார்கள். பல கார்களில் 0.05 மி.மீ. வளைவைத் தாண்டினாலே சிக்கல்தான்.

என்ன தீர்வு?
லேத் பட்டறையில் மெஷினில் ஏற்றி, பரப்பை மெல்லிசாகச் சீவிச் சமமாக்குவதே ‘ஹெட் ஃபேசிங்’. அசோக் லேலண்ட், என்ஃபீல்டு ஆலைகளோடு வளர்ந்த எண்ணூர், திருவொற்றியூர் பகுதிக்கு இன்ஜின் வேலை புதிதல்ல.

இதைக் கவனிங்க
* கையால் எமரி பேப்பர் தேய்த்தால் பள்ளம் விழும். துகள் ஆயிலில் கலந்தால் பேரிங் காலி.
* அதிகம் சீவினால் கம்ப்ரெஷன் கூடும். சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டினால் ஹெட்டையே மாற்றணும்.
* ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் எதில் கோளாறு என்று பார்க்காமல் விட்டால், சீவிய ஹெட்டும் திரும்ப வளையும்.

பில் கட்டும் முன் கேளுங்க: “வளைவு எவ்வளவு இருந்துச்சு? எவ்வளவு சீவினீங்க?”