வளர்ப்புப் பிராணிக்குத் துணை, ஊரையும் பார்க்கலாம்

வெளியூர் செல்பவரின் வீட்டில் தங்கி, அவருடைய நாயையோ பூனையையோ பராமரித்தபடி ஊரைச் சுற்றிப்பார்ப்பது ஒரு பயண முறை. பொதுவாக வாடகையும் இல்லை, கூலியும் இல்லை. இரு தரப்பையும் இணைக்கும் டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் நிறுவனம் 2010இல் பிரிட்டனில் தொடங்கியது. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள்.

பிராணியின் வேளைக்கு ஏற்பவே உலா அமையும். மலேசியாவின் பாகான் நக்கோடா ஓமாரில் இப்படித் தங்குபவர், பகலில் செக்கிஞ்சான் வயல்களைப் பார்த்துத் திரும்பலாம். கோலசிலாங்கூர் மின்மினிப் பூச்சிகளைக் காணப் படகேறுவது இருட்டிய பிறகு. நாய்க்கு உணவும் நடையும் அதற்குள் முடிய வேண்டும்.

உணவின் அளவு, மருந்து, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குவது நல்லது. வெளிநாடு என்றால் விசா விதியையும் பார்க்க வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும் சில நாடுகள் இதை வேலையாகவே கருதுகின்றன.