பெயரில் ஒரு புள்ளி இல்லையா? சோதனையே நடக்காது!

ஜாவா ஸ்கிரிப்ட்டில் சிறு புரோகிராம்கள் எழுதிப் பார்ப்பவர்கள், அவை சரியாக இயங்குகின்றனவா எனச் சோதித்திட, தனி டெஸ்ட் பைல்களையும் எழுதி வைப்பதுண்டு. இவற்றைத் தேடி எடுத்து இயக்கிடும் புரோகிராமை டெஸ்ட் ரன்னர் என்கிறோம். நான் பயன்படுத்துவது நோட் ஜேஎஸ் தொகுப்புடன் கிடைப்பது. 2022ல் வெளியான பதிப்பு 18ல் இது அறிமுகமானது. தனியே எதனையும் இன்ஸ்டால் செய்திட வேண்டாம். போல்டருக்குள் சென்று, கட்டளை விண்டோவில் நோட், ஒரு இடைவெளி, இரண்டு சிறு கோடுகள், அதனை ஒட்டி டெஸ்ட் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் போதும்.

எந்தப் பைல் சோதனைக்குரியது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பைலைத் திறந்து படித்துப் பார்த்து அல்ல; பெயரை மட்டுமே பார்க்கிறது. போட்டோக்களைத் தேட *.ஜேபிஜி என்று கொடுப்பீர்களே, அதே ஸ்டார் குறி வித்தைதான். பைல் பெயர் ".டெஸ்ட்.ஜேஎஸ்" என முடிய வேண்டும். புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடோ அடிக்கோடோ இருக்கலாம். "டெஸ்ட்-" எனத் தொடங்கினாலும் சரி. டெஸ்ட் என்ற பெயருள்ள போல்டருக்குள் இருக்கும் ஜேஎஸ் பைல்களை, பெயர் எதுவானாலும் எடுத்துக் கொள்ளும். நோட் மாட்யூல்ஸ் போல்டரை மட்டும் தொடாது. அதில் இருப்பவை பிறர் எழுதிய பைல்கள். அவற்றையெல்லாம் சோதிக்கப் புகுந்தால் விடிந்துவிடும்.

என் நண்பரின் மகள், அம்மா நடத்தும் மகளிர் சுய உதவிக் குழுவிற்காக வட்டி கணக்கிடும் புரோகிராம் எழுதினாள். சோதனைகள் 14. திரையில் எல்லாமே பாஸ், தோல்வி 0. ஆனாலும் பிப்ரவரி 29ஐத் தாண்டிய கடன்களில் ஒரு நாள் வட்டி குறைந்தது. குழுவில் இது சின்ன விஷயமா? நோட்டுப் புத்தகக் கணக்கோடு ஒத்துப் போகாததால் பேச்சு வளர்ந்துவிட்டது. நான் பார்த்தபோது, முடிவின் அடியில் டெஸ்ட்ஸ் என்ற வரியில் 9 என்றிருந்தது. மீதி 5 எங்கே? லீப் வருடச் சோதனைகள் இருந்த பைலின் பெயர் "லீப்டெஸ்ட்.ஜேஎஸ்". நடுவில் புள்ளி இல்லை. ரன்னர் அதனைக் கண்டுகொள்ளவே இல்லை. எச்சரிக்கையும் தரவில்லை. பெயரை மாற்றியவுடன் சிவப்பு எழுத்தில் பிழை வந்து நின்றது.

எனவே பாஸ் என்பதைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

நோட்பேடில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சேவ் செய்கையில் பெயரின் கடைசியில் .டிஎக்ஸ்டி ஒட்டிக் கொள்ள வாய்ப்புண்டு. விண்டோஸ் வழக்கமாக இந்தத் துணைப் பெயரை மறைத்தே காட்டும் என்பதால், உங்கள் கண்ணுக்குப் பெயர் சரியாகத் தெரியும், ரன்னருக்குத் தெரியாது. சேவ் செய்திடும் கட்டத்தில் ஆல் பைல்ஸ் எனத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் எனக் கிளிக் செய்தால் முழுப் பெயரும் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டியதில்லை. கட்டளைக்குப் பின் ஒரு பைல் பெயரைத் தந்தால், அது மட்டும் இயங்கும். பைலுக்குள் குறிப்பிட்ட சோதனைதான் வேண்டும் என்றால், டெஸ்ட் நேம் பேட்டர்ன் என்ற ஆப்ஷனில் சோதனையின் பெயரில் உள்ள சொல்லைத் தரலாம். பிழை திருத்துகையில் இது மிகவும் வசதி. வேலை முடிந்ததும் வடிகட்டலை எடுத்துவிட்டு முழுவதையும் ஒருமுறை ஓட்டிடுங்கள்.

பலரும் பயன்படுத்தும் ஜெஸ்ட் ரன்னரில் விதி சற்று வேறு. ".டெஸ்ட்" உடன் ".ஸ்பெக்" என்பதையும் ஏற்கும்; சிறு கோட்டை ஏற்காது. ஜெஸ்ட் எனத் தந்து பக்கத்தில் வட்டி என்று தந்தால், பைல் பெயரில் மட்டுமின்றிப் போல்டர் பெயரிலும் அந்தச் சொல்லைத் தேடும். ஒரு பைல்கூடச் சிக்காவிட்டால், சோதனை எதுவும் கிடைக்கவில்லை என்று பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஜெஸ்ட்டையே பிடிக்கிறது.