மலம் அடக்க முடியாமையும் நம் உணவும்



முதியோர் உதவித்தொகையை மாதந்தோறும் நேரில் வந்து வாங்கும் பெரியவர் ஒருவர், நான்கு மாதங்களாகப் பேரனை அனுப்பிவந்தார். ஜமாஅத் தொழுகைக்கும் வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள் வீட்டார். நாங்கள் போய் விசாரித்தபோது, வெகுநேரம் தயங்கிவிட்டு அவரே சொன்னார்: "ஸஃப்பில் நிற்கும்போதே கைலி அசுத்தமாயிடுச்சு. அதுக்கப்புறம் பள்ளிவாசல் படியேற மனசு வரல." அவர் மனைவிக்கு மட்டும்தான் இது தெரியும். பெண்களோ இதை இன்னும் ஆழமாக மறைக்கிறார்கள்.

அமெரிக்காவில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு ஒன்றில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேருக்கு இத்தொல்லை இருந்தது. வயது ஏற ஏற அந்த அளவும் ஏறியது. பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்திருப்பது, பல்லாண்டு நீரிழிவில் நரம்பு தளர்வது, மூல அறுவை சிகிச்சை, நாள்பட்ட மலச்சிக்கல் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். மலச்சிக்கலா என்று வியக்க வேண்டாம். உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதுண்டு.

தசை சற்றுத் தளர்ந்தவரும் உருவான மலத்தை ஓரளவு தாங்கிக்கொள்வார். தண்ணீராக வருவதைத் தாங்குவதுதான் கடினம். உணவு நுழையும் இடம் இதுவே. நாம் உண்ணும் நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, குடலின் உட்சுவருக்கு ஆகாரமாக்குகின்றன. மைதா, சர்க்கரை, கொழுப்பு மிகுந்து நார் குறைந்த உணவில் அந்தப் பராமரிப்பு குறைகிறது. உடலில் அழற்சி கூட இடமாகிறது.

எந்த உணவு அழற்சியைக் கூட்டும், எது குறைக்கும் என்று மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றைத் தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அதில் நார்ச்சத்து, மஞ்சள், இஞ்சி, பூண்டு குறைக்கும் பக்கம்; நெய், கொழுப்பு இறைச்சியில் உள்ள வகைக் கொழுப்பு கூட்டும் பக்கம். இஞ்சி பூண்டு சேர்ந்திருக்கிறதே என்று பிரியாணியை நாள்தோறும் உண்ண இது அனுமதிச் சீட்டல்ல!

அமெரிக்காவில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. நாளுக்குச் சுமார் 25 கிராம் நார்ச்சத்து உண்டவர்களுக்கு, 13 கிராம் அளவில் உண்டவர்களைவிட இத்தொல்லை வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, உணவு ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை.

நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. பருப்பும் கத்திரிக்காயும் சுரைக்காயும் போட்ட தாளிச்சா நல்ல உணவு. அதைக் கரண்டியளவு ஊற்றிவிட்டு நெய்ச்சோற்றை மலையாகக் குவிப்பதுதான் பிழை. நோன்புக் கஞ்சியும் அப்படியே. கெடுப்பது அதோடு வரும் சமோசாவும் வாடாவும். கீரை, கொய்யா, பயறு வகைகளைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். இசப்கோல் உமி பலருக்கு மலத்தை உருவாக்க உதவுகிறது, ஆனால் போதிய தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும். வலுவான டீயும், சிலருக்குப் பாலும், 'சர்க்கரை இல்லாத' இனிப்புகளும் வயிற்றை இளக்கும். மெட்ஃபார்மின் மாத்திரையும் இளக்கலாம். அதை நீங்களே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வகை உண்டு. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை குறைவு, புதிதாகத் தொடங்கிய மாற்றம் இருந்தால் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தசைக்கான பயிற்சியும் மருத்துவமனைகளில் கற்றுத் தருகிறார்கள்.

தொழுகை பற்றிய கவலைக்கு: கசிவு ஓயாமல் இருப்பவருக்கு மார்க்கச் சட்டத்தில் சலுகை உண்டு. சுத்தம் செய்து, உறிஞ்சும் துணி அணிந்து, தொழுகை நேரம் வந்தபின் உளூ செய்து தொழலாம். மத்ஹபுகளுக்கிடையே நுணுக்கமான வேறுபாடுகள் இருப்பதால், தம் நிலையை இமாமிடம் தனியே கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தப் பெரியவருக்கு மருந்து மாற்றப்பட்டது; வீட்டில் இரவுப் பரோட்டாவும் நின்றது. இரண்டு மாதம் கழித்து அஸருக்கு வந்தார். அல்ஹம்துலில்லாஹ். உளூச் செய்யுமிடத்துக்கு அருகில், கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நின்றுகொள்கிறார்.