விமானியும் மின்னணுக் கருவிகளும்

விமானத்தின் முன்னறையில் அமர்ந்திருக்கும் விமானி, தம் கைகளின் வலிமையாலேயே விமானத்தைச் செலுத்திய காலம் ஒன்று இருந்தது. இன்று அவர் பெரும்பாலும் மின்னணுக் கருவிகளுக்குக் கட்டளையிடுகிறார்; கருவிகள் அதனை நிறைவேற்றுகின்றன. இம்மாறுதல் விமானப் பிரயாணத்தை முன்னைவிடப் பாதுகாப்பானதாக்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் புதிய கருவி ஒன்று வரும்போது பழைய தவறுகள் சில மறைகின்றன. புதிய தவறுகள் சில தோன்றுகின்றன. அவற்றை விமானிகள் எவ்வாறு எதிர்கொள்ளக் கற்றனர் என்பது, கருவிகளைக் கையாளும் அனைவரும் அறியத்தக்க செய்தியாகும்.

எழுநூறு என்னும் எண்

1988-ஆம் ஆண்டில் ஏர்பஸ் ஏ-320 என்னும் விமானம் சேவைக்கு வந்தது. விமானியின் கைப்பிடி அசைவை மின் சைகைகளாக மாற்றி, கணிப்பொறிகளின் வாயிலாக இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளுக்கு அனுப்பும் முறை இதில் அமைந்திருந்தது. எஞ்சினின் விசை தானியங்கி முறையில் கூடினாலும் குறைந்தாலும் விசைக் கைப்பிடிகள் இடம்விட்டு நகர்வதில்லை. ஆகவே கையின் உணர்ச்சியால் அறிந்து வந்ததை, இனிக் கண்ணால் திரையில் படித்தே அறிய வேண்டியதாயிற்று.

இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1989-இல் இவ்விமானங்களைப் பெற்றது. 1990 பிப்ரவரி 14 அன்று, பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த ஏ-320 விமானம் ஒன்று, பெங்களூரில் ஓடுபாதையை அடையுமுன்பே தரையில் மோதிற்று. 92 பேர் உயிரிழந்தனர். வானிலை நன்றாகவே இருந்தது. எஞ்சின்களிலும் பழுது இல்லை.

இறங்கும் வேகத்தை நிமிடத்திற்கு 700 அடி என அமைக்குமாறு ஒரு விமானி கூறினார். அதற்குரிய குமிழுக்குப் பதிலாக, அருகிலிருந்த உயரக் குமிழில் 700 அடி என அமைக்கப்பட்டிருக்கக் கூடும் என விசாரணையில் கருதப்பட்டது. பெங்களூரோ கடல் மட்டத்திற்குச் சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கும் நகரம்! கருவி தனக்கு இடப்பட்ட கட்டளையின்படி எஞ்சின்களின் விசையை மிகக் குறைந்த நிலையில் வைத்துக்கொண்டு இறங்கலாயிற்று. வேகம் குறைந்து வந்தது. உயரத்தை அறிவிக்கும் குரல் 400, 300, 200 என ஒலித்தது. விசையைக் கூட்ட முற்பட்டபோது காலம் கடந்துவிட்டது. குறைந்த விசையிலிருந்து முழு விசையை எட்ட ஜெட் எஞ்சினுக்குச் சில விநாடிகள் தேவை. அச்சில விநாடிகள் அன்று கிடைக்கவில்லை.

நடைமுறையில் வந்த மாறுதல்

1992 ஜனவரியில் பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே இதே வகை விமானம் ஒன்று மலையில் மோதி 87 பேர் மாண்டனர். 3.3 பாகைச் சரிவில் இறங்க எண்ணியிருக்க, கருவி நிமிடத்திற்கு 3,300 அடி என்னும் கட்டளையை ஏற்றிருக்கலாம் என அறியப்பட்டது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றின. பின்னர் இறங்கும் வேகம் நான்கு இலக்கங்களில் தெரியுமாறு கருவி திருத்தப்பட்டது.

கருவியைத் திருத்தியதோடு பணி முடிந்துவிடவில்லை. மனிதரின் நடைமுறையும் திருந்த வேண்டியிருந்தது. இன்று ஒருவர் விமானத்தைச் செலுத்துகையில் மற்றவர் கண்காணிக்கிறார். கருவி எந்த நிலையில் இயங்குகிறது என்பதைத் திரையில் படித்து வாய்விட்டுச் சொல்வது பழக்கமாகியிருக்கிறது. தரைக்கு மேல் 1,000 அடியில், அல்லது தெளிந்த வானிலையில் 500 அடியில், வேகமும் சரிவும் விசையும் உரிய அளவில் அமைந்திருக்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் விதி. இல்லையெனில், இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலே எழ வேண்டும். மூத்தவர் தவறினால் இளையவர் தயங்காமல் எடுத்துரைக்க வேண்டும் என்பதும் பயிற்சியில் வற்புறுத்தப்படுகிறது.

தாளிலிருந்து பலகைக்கு

முன்பு விமானிகள் வரைபடங்களும் கையேடுகளும் நிறைந்த கனத்த பையைச் சுமந்து செல்வர். வான்வழி விவரங்களின் மாறுதல்கள் 28 நாள்களுக்கு ஒருமுறை என்னும் கால அட்டவணைப்படி நடைமுறைக்கு வருவதால், பழைய தாள்களை அகற்றிப் புதியவற்றைக் கையால் சேர்ப்பது பெரும் வேலையாக இருந்தது. இப்போது அவை கையடக்கக் கணிப்பலகையில் அடங்கிவிட்டன. புறப்படும் வேகத்தையும் எஞ்சின் விசையையும் அக்கருவியே கணக்கிட்டுத் தருகிறது.

ஆனால் கணக்கு சரியாக இருந்தாலும், கொடுத்த எண் தவறானால் விடையும் தவறே. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னிலிருந்து புறப்பட்ட ஏ-340 விமானத்தின் எடை 362.9 டன், கணக்கிடும் கருவியில் பதிந்ததோ 262.9 டன். ஒரே ஓர் இலக்கம் மாறிற்று. போதிய விசையின்றி ஓடிய விமானத்தின் வால் ஓடுபாதையில் உராய்ந்தது. பாதையின் எல்லையைத் தாண்டியே அது மேலெழுந்தது. அதிலிருந்த 275 பேரும் உயிர் பிழைத்தனர்.

மனக்கணக்கின் பயன்

இத்தகைய தவற்றைத் தடுக்க விமானிகள் எளிய மனக்கணக்கை இன்றும் கைவிடவில்லை. இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிகளில் கூறி மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல்மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும் என்பது தெரியும். 30,000 அடிக்குச் சுமார் 90 கடல்மைல். தரையை ஒட்டிக் கணித்த வேகம் மணிக்கு 140 கடல்மைல் எனில், அதனை ஐந்தால் பெருக்க 700 கிடைக்கும். 3 பாகைச் சரிவில் ஒரு நிமிடத்திற்கு இறங்க வேண்டிய அடி ஏறக்குறைய அதுவே. மேலே கண்ட அதே எழுநூறுதான் இது. அந்த எண் எதனைக் குறிக்கிறது என்பதை உணர்ந்தவருக்கே அது பயன்படும்.

ஆசிரியர்கள் இவ்விரு கணக்குகளையும் வகுப்பில் செய்துகாட்டலாம். கணக்கிடும் கருவியைத் தொடுமுன், விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என மாணவரைக் கூறச் செய்வது நல்ல பயிற்சி. தானியங்கி மழைமானியின் பதிவைக் குறிக்கும் களப்பணியாளரும், அன்றைய வானத்தையும் நிலத்தின் ஈரத்தையும் ஒருமுறை நோக்கிய பின்னர் எண்ணை ஏற்பது நலம். கருவி சொல்வதைக் கேட்பதோடு, அதற்கு நாம் என்ன சொன்னோம் என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.