மேனியா: மாத்திரை பாதி, ரத்தப் பரிசோதனை மீதி

நாலைந்து நாளாகத் தூக்கமில்லை, களைப்பும் இல்லை. நடுராத்திரியில் பீரோவைக் கலைத்து அடுக்குகிறார், விடியுமுன் ஊரையே போனில் எழுப்பிப் புதுத் தொழில் பேசுகிறார், தடுத்தால் சீறுகிறார். பைபோலார் எனும் இருதுருவ மனநோயின் மேனியா கட்டம் பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. “திமிர்” என்று சொல்லியே நாள் கடத்துபவர்கள் ஏராளம்.

எந்த மருந்து, யாருக்கு?

மனச்சோர்வுக்கான மாத்திரை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் டாக்டர் பொதுவாக முதலில் அதை நிறுத்துவார். அது மேனியாவைத் தூண்டிவிடக்கூடும். பிறகு ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவற்றில் ஒன்று. கொந்தளிப்பு சில நாட்களில் தணியத் தொடங்கும். இன்னொரு மருந்தான லித்தியம் நிதானமானது, பலன் தெரிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நிலைமை கடுமையாக இருந்தால் முன்சொன்னவற்றில் ஒன்றையும் லித்தியத்தையும் சேர்த்தே தருவார்கள்.

வால்புரோயேட்டும் வேகமானதுதான். ஆனால் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு அது கூடுமானவரை வேண்டாம்: கர்ப்பத்தில் எடுத்தால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு.

மெல்பர்னில் நடந்தது

1948இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், பல ஆண்டுகளாக மேனியாவில் இருந்த ஒருவருக்கு லித்தியம் கொடுத்தார். சில மாதங்களில் அவர் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்தார். மருந்தை விட்டார், நோய் திரும்பியது. மீண்டும் தொடங்கினார்கள், 1950இல் லித்தியம் நச்சால் இறந்தார். உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க அப்போது வழக்கமான பரிசோதனை கிடையாது. கேட் அந்த மருந்தையே கைவிட்டார். மெல்பர்னிலேயே டிராட்னர் என்பவர் ரத்த அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் லித்தியம் பிழைத்தது.

காலையில் மாத்திரைக்கு முன்

லித்தியத்தின் கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாகக் கூடும். தொடங்கியதும் டோஸை மாற்றியதும் ஒரு வாரத்தில் பரிசோதனை அவசியம். மேனியாவின் உச்சத்தில் லிட்டருக்கு 0.8 முதல் 1.2 மில்லிமோல் வரை வைப்பது வழக்கம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். ஓலான்சபின் எடுப்பவருக்கு எடையும் சர்க்கரையும்தான் முக்கியக் கவலை.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் இரண்டுமே லித்தியத்தை ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கும், உப்பைத் திடீரென்று குறைப்பதும் அப்படியே. லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, கை உதறல், நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.